கொடைக்கு ஏன்? கூப்பிடு தூரத்தில் குன்றும் கண்மாயும்!

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கி மூலையில் போட்ட மறுநிமிடமே மதுரை வீடுகளில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். "லீவுக்கு எங்கப்பா கூட்டிட்டுப் போறீங்க?" பதிலும் ரெடியாக இருக்கும்: கொடைக்கானல்.

விடியற்காலையில் வண்டியை எடுத்து, வத்தலக்குண்டில் டீ குடித்து, மலைப்பாதை வளைவுகளில் பின்சீட்டு வாண்டு இரண்டு தடவை வாந்தியெடுத்து, வாகன வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும். படகுக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். இரவு வீடு திரும்பி யோசித்துப் பார்த்தால், பிள்ளைகள் அன்று முழுக்க நடந்தது பார்க்கிங்கிலிருந்து ஏரி வரைக்கும்தான்!

கொடைக்கானலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஏரியே மதுரையோடு சம்பந்தப்பட்டதுதான். சதுப்பாகக் கிடந்த இடத்தில் 1863-ல் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கி ஏரியாக்கியவர், மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச். ஆனால், மலையும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் கால் வலிக்க நடக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு 120 கிலோமீட்டர் போக வேண்டாம். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் போதும். வித்தியாசம் ஒன்றுதான். கொடையில் ஏரி மலை மேலே இருக்கிறது. இங்கே ஏரி மலையின் காலடியில் இருக்கிறது. அதற்குப் பெயர் கண்மாய்.

ஏழு குன்று, எழுபத்திரண்டு ஏரி

மேலூர் தாலுகாவில், மேலூருக்குச் சற்று மேற்கே இருக்கிறது அரிட்டாபட்டி. நெல் வயல்களுக்கு நடுவே யானைகள் படுத்திருப்பதுபோல வரிசையாகப் பாறைக் குன்றுகள். அரிட்டாபட்டியும் பக்கத்தில் உள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே அந்தப் பெயர் பெற்ற முதல் இடம் இது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசு கணக்குச் சொல்கிறது. இங்குள்ள ஆனைகொண்டான் கண்மாய் 16-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் கட்டப்பட்டது என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது.

இத்தனைக்கும் கொடைக்கானல் மாதிரி இங்கே டிக்கெட் கவுன்ட்டர், குதிரைச் சவாரி, மிளகாய் பஜ்ஜிக் கடை வரிசை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். இது ஒரு சாதாரண கிராமம். களத்தில் நெல் காயும், மந்தையில் மாடு நிற்கும். "மலைக்கு எப்படிப் போகணும்?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டால் கையைக் காட்டிவிட்டு, "பிள்ளைகளப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க தாயி" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்.

மழைத்துளி போகிற வழியிலேயே...

பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகும்போது பெரியவர்கள் செய்கிற முதல் தப்பு, "உச்சிக்குப் போகணும்" என்று இலக்கு வைப்பது. பெரியவர்களுக்கு அது சரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு உச்சி என்பது ஒரு சுவாரஸ்யமும் இல்லாத சொல். பத்தாவது நிமிடத்தில் "இன்னும் எவ்ளோ தூரம்?" ஆரம்பித்துவிடும்.

அதற்குப் பதில் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கூட்டிப்போகலாம். "இந்தப் பாறை மேல ஒரு மழைத்துளி விழுதுன்னு வெச்சுக்கோ. அது எங்கே போகும்? கண்டுபிடிக்கலாமா?"

அவ்வளவுதான். பிள்ளைகள் துப்பறிவாளர்களாக மாறிவிடுவார்கள். மொட்டைப் பாறை தண்ணீரைக் குடிக்காது, வழிய விட்டுவிடும். வழிகிற தண்ணீரில் கொஞ்சம் பாறைக் குழியில் தங்கும். அதுதான் சுனை. பாறை இடுக்கில் இறங்கிய தண்ணீர், அடிவாரத்தில் எங்கோ ஓரிடத்தில் ஊற்றாகக் கசியும். மீதி எல்லாம் ஓடையாக இறங்கும். ஓடைத் தண்ணீர் வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு வரும். கண்மாயின் மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். கண்மாய் நிரம்பிவிட்டால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாயைத் தேடிப் போகும்.

பாறை, சுனை, ஓடை, கண்மாய், மடை, வயல். இந்த ஆறையும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்ததும் விரல் மடக்கச் சொல்லுங்கள். வீட்டில் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தாலும் ஏறாத பாடம், இங்கே ஒரு காலைப்பொழுதில் ஏறிவிடும். தினமும் தட்டில் விழுகிற சோற்றுக்கும் அந்தப் பாறைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை பத்து வயதுப் பிள்ளை தானாகவே சொல்லிவிடும்.

மூட்டுவலி உள்ள அப்பத்தா, அம்மாச்சியையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. கண்மாய்க்கரை மரநிழலில் ஜமுக்காளத்தை விரித்து உட்காரவைத்தால் போதும். மலை ஏறப் போனவர்கள் திரும்பி வரும்போது, மடை திறக்கிற நாளில் ஊரே கூடியது, கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவில் விரால் பிடித்தது என்று ஒரு டஜன் கதை அவர்களிடம் தயாராக இருக்கும்.

கல்லில் ஒரு நன்றிச் சீட்டு

அரிட்டாபட்டிக் குன்றுகளில் பிள்ளைகளோடு ஏறுவதற்கு ஏற்றது கழிஞ்சமலை. செங்குத்து ஏற்றம் இல்லை. சரிவான பாறையில் நிதானமாக நடந்தால் சமணத் துறவிகள் தங்கிய குகைக்குப் போய்விடலாம். குகை முகப்பில் தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய தமிழ் எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்துகொடுத்தார் என்கிறது ஒன்று. இலஞ்சி வேளின் மகன் குகை கொடுத்ததைச் சொல்கிறது 2003-ல் கண்டறியப்பட்ட இன்னொன்று. குகைக்கு அதில் வருகிற சொல் 'முழாகை'. இன்றைக்கும் மலைக்குகையை முழை என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பாட்டி இது.

"யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்கு வீடு கட்டிக் குடுத்துட்டு, பேர் எழுதி வெச்சிருக்காங்க" என்று சொன்னால் குட்டிப் பிள்ளைக்கும் புரியும். 'அ' எங்கே இருக்கிறது, 'க' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கூட்டல் குறி மாதிரி இருப்பது 'க'. கண்டுபிடித்துவிட்டால் குதிப்பார்கள். தொடாமல் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பக்கத்திலேயே பாறையில் புடைப்புச் சிற்பமாக மகாவீரர் அமர்ந்திருக்கிறார். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்தது. சிற்பத்துக்கு அடியில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு இன்னொரு செய்தியும் சொல்கிறது: இதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி என்ற ஊர்க்காரர்களுடையது. மலையைச் செதுக்கியவரின் பெயரோடு, அதைக் காக்க வேண்டியவர்களின் ஊர்ப்பெயரையும் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

குன்றின் இன்னொரு பக்கத்தில் முற்காலப் பாண்டியர்கள் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது. அங்கே பிள்ளையாரும் இருக்கிறார். தமிழ்நாட்டில் அபூர்வமாகவே காணக்கிடைக்கும் லகுலீசர் சிற்பமும் இருக்கிறது. சமணமும் சைவமும் ஒரே குன்றை ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.

கல்லைப் பார்த்துச் சலித்துவிட்டால் அண்ணாந்து பாருங்கள். 250-க்கும் குறையாத பறவை வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு, ஷாஹீன் வல்லூறு மூன்றும் இந்தப் பாறைகளின் ராஜாக்கள். ஷாஹீன் வல்லூறு, இரையைப் பார்த்துவிட்டால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயக்கூடிய பறவை இனத்தைச் சேர்ந்தது. மிக வேகமான எக்ஸ்பிரஸ் ரயிலும் அதோடு போட்டி போட முடியாது. தேவாங்கும் அலங்கும் மலைப்பாம்பும்கூட இங்கே வாழ்கின்றன. பகலில் கண்ணில் படுவது கடினம். அவர்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

ஊரே நடந்த நடை

இந்த மலை இன்னமும் அப்படியே நிற்கிறது என்பது சும்மா நடந்த விஷயம் இல்லை.

மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட குன்றுகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். கேக்கில் துண்டு போட்டதுபோல நிற்கும். குன்றை வெட்டினால் கல் மட்டும் போவதில்லை. ஓடை திசை மாறும். கழிவுக் கற்கள் வரத்துக்காலை மூடும். மழை பெய்தும் கண்மாய் காய்ந்து கிடக்கும். 2012-ல் அந்த விவகாரம் வெடித்து குவாரிகள் நிறுத்தப்பட்ட பிறகுதான் பல ஊர்கள் மூச்சுவிட்டன.

2024 நவம்பரில் அரிட்டாபட்டிக்கு அந்தப் பயம் வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் ஏலம் விடப்பட்ட செய்தி தெரிந்தது. அதற்குள் அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலமும் இருந்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றத்தில் ஏலத்தை ரத்துசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ம் தேதி, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கான மக்கள் பேரணியாகக் கிளம்பினார்கள். நாற்று நடுகிற பெண்கள், ஊன்றுகோல் பிடித்த தாத்தாக்கள், இடுப்பில் பிள்ளையோடு அம்மாக்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்வதாக அறிவித்தது.

ஆயிரம் வருஷத்துக்கு முன் 'இந்த ஊர்க்காரர்கள் காப்பார்கள்' என்று கல்லில் எழுதிவைத்ததை இந்த ஊர்க்காரர்கள் நிறைவேற்றிக் காட்டிவிட்டார்கள். குகை முகப்பில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டங்ஸ்டன் நமக்குத் தேவை இல்லையா என்று பெரிய பிள்ளை கேட்டால், அதுவும் நல்ல கேள்விதான். தேவைதான், எங்கே எடுப்பது, என்ன விலை கொடுத்து எடுப்பது என்பதையும் சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள். காலையில் தாங்களே கண்டுபிடித்த பாறை, சுனை, ஓடை, கண்மாய், மடை, வயல் வரிசையில் முதல் விரலை மடக்கிவிட்டால் மீதி ஐந்தும் என்ன ஆகும் என்பது அவர்களுக்கே தெரியும்.

முதல் தடவையா? கீழக்குயில்குடி போங்கள்

இதுவரை மலையே ஏறாத பிள்ளைகள் என்றால் ஆரம்பத்துக்கு இன்னும் சுலபமான இடம், மதுரைக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டை அருகில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம். கரையில் பெரிய ஆலமரம், பக்கத்தில் அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது.

படி ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அதில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார். யார் அவர்? அரிட்டாபட்டியில் மகாவீரரைச் செய்வித்த அச்சணந்தியின் தாயார்! மகன் பெயர் அந்த மலையில், அம்மா பெயர் இந்த மலையில். இரண்டு மலையையும் பார்த்த பிள்ளைகள் இந்த அம்மா-மகன் கதையை மறக்கவே மாட்டார்கள்.

மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு இருக்கிறது. புடவு என்றால் இந்தப் பக்கத்தில் குகை. வாசலிலேயே பெரிய மகாவீரர் உட்கார்ந்திருப்பார். உள்ளே விதானத்தில், சிங்கத்தின் மீதேறி யானை வீரனோடு சண்டை போடுகிற ஒரு பெண் தெய்வம். "சூப்பர் உமன்!" என்று ஏதாவது ஒரு வாண்டு கத்தும். கத்தட்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள இதுபோன்ற இடங்களுக்குக் குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்துப்போகும் வேலையை, எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் 'பசுமை நடை' 2010 முதல் செய்துவருகிறது. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனைக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்த காலத்தில் முளைத்த அமைப்பு அது. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அவர்களோடு சேர்ந்து ஒரு தடவை நடந்துவிட்டால், அடுத்த தடவை தாங்களே வழிகாட்டியாகிவிடலாம்.

கிளம்பும் முன்...

* மழைக்காலம் ஓய்ந்த டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் சரியான பருவம். சுனையில் தண்ணீர் இருக்கும், கண்மாய் நிறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் வெறும் பாறை அடுப்புக்கல்லாகக் கொதிக்கும்.

* காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும்; பத்து மணிக்கு இறங்கிவிட வேண்டும். அதற்காக நாலரைக்கு அலாரம் வைப்பதும் பிக்னிக்கின் ஒரு பகுதிதான்.

* கூட்டத்தில் யார் மிகச் சின்னப் பிள்ளையோ, அந்தப் பிள்ளையின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள்.

* ரப்பர் செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள ஷூ போதும். மழை பெய்த மறுநாள் பாறையில் பாசி வழுக்கும். அன்று கண்மாய்க்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

* சுனையின் ஆழம் பார்த்தால் தெரியாது. காலைக்கூட நனைக்க வேண்டாம். கண்மாயிலும் குளிக்க இறக்காதீர்கள்.

* பாறை விளிம்புகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கலாம். சென்ட் அடிக்க வேண்டாம், புகை போட வேண்டாம், கல் எறியவே கூடாது. புதர், பொந்து, பாறை இடுக்குகளில் கை விடக் கூடாது.

* ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். கைக்குட்டை, தொப்பி, ஒரு சின்ன முதலுதவிப் பை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பெரியவர்கள் மறக்க வேண்டாம்.

* சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், கெட்டிப்படாத புளியோதரை, ஒரு பாட்டில் மோர். களைத்த பிள்ளைக்கு ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுத்துப் பாருங்கள், மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். வாழை இலையோ எவர்சில்வர் டப்பாவோ போதும். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். கொண்டுபோன குப்பை எல்லாம் திரும்ப வீட்டுக்கே வர வேண்டும்.

* சாவி, கல், பேனா எதைக்கொண்டும் பாறையில் பெயர் கிறுக்கக் கூடாது. இரண்டாயிரம் வருஷ எழுத்துக்கு மேலேயே ஆட்டின் அம்பு துளைத்த இதயம் வரைந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால் பிள்ளைகளிடம் காட்டி, அது ஏன் தப்பு என்று அங்கேயே பேசிவிடுங்கள்.

திரும்பி வருகிற வழியில் டவுனுக்குள் நுழைந்து ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் குடிக்கலாம். மொத்தச் செலவு, கொடைக்கானலில் ஒரு மணி நேரப் படகுச் சவாரிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மதியத் தூக்கத்துக்கும் நேரம் மிச்சம்.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும்போது, சோற்றை ஒதுக்கிவைக்கிற பிள்ளையிடம் ஒன்றும் அதட்ட வேண்டாம். "இது எங்கேயிருந்து வந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று மட்டும் கேளுங்கள். வயல், மடை, கண்மாய், ஓடை, சுனை, பாறை என்று விரல்கள் தலைகீழாக மடங்கும்.